டம்ளரின் அடிப்பக்கம் ஏன் தப்பாக வருகிறது? பென்சில் ஸ்கெட்ச் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஓவியம் படித்தவன் இல்லை, பகலெல்லாம் கணக்கு எழுதுகிற வேலை. 34 வயதில் பையனுடைய பென்சிலை எடுத்து விளையாட்டாகக் கிறுக்க ஆரம்பித்து, ஒன்பது வருஷமாக அதை விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர், கூடவே சில அப்பா அம்மாக்கள், எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து வரைகிறார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கலர், பெயிண்டிங் எல்லாம் இதில் வராது. பென்சில், பேப்பர், அடிப்படை, அவ்வளவுதான்.

எனக்குக் கையே வராது. பிறவியிலேயே திறமை இருந்தால்தானே வரைய முடியும்?

கையெழுத்துப் போடத் தெரியுமா? தெரியுமென்றால் வரையத் தேவையான கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். எதையும் பார்க்காமல், மனசிலிருந்து ஒரு டம்ளர் வரையுங்கள். அப்புறம் எழுந்து போய் அடுக்களையிலிருந்து நிஜமாகவே ஒரு டம்ளரைக் கொண்டுவந்து மேஜைமேல் ஒரு கை தூரத்தில் வைத்து, அதைப் பார்த்து இன்னொன்று. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இரண்டு படமும் ஒன்றாகவே இருக்கும்: மேலே ஒரு நீள்வட்டம், பக்கவாட்டில் இரண்டு கோடு, அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடு. அடியில் ஏன் நேர்க்கோடு? டம்ளர் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரியும், அதனால் கை தட்டையாகப் போட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது அது இல்லை. மறுபடியும் பாருங்கள், அடிப்பக்கமும் வளைவுதான், சொல்லப்போனால் வாயைவிட அடி இன்னும் அதிகமாக வளைந்திருக்கும். வாய் உங்கள் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடி அதைவிடக் கீழே, அதனால் அடியை நீங்கள் இன்னும் மேலிருந்து பார்க்கிறீர்கள்.

நம்பிக்கை வரவில்லையா, டம்ளரைக் கையில் எடுத்து மெல்ல உயர்த்துங்கள். வாய் விளிம்பு ஒடுங்கிக்கொண்டே வந்து, சரியாகக் கண்ணுக்கு நேரே வந்ததும் ஒற்றைக் கோடாகிவிடும். இன்னும் தூக்கினால் உள்பக்கம் மறைந்து அடிப்பக்கம் தெரிய ஆரம்பிக்கும். இதைப் பார்த்தபோது பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பெண் "அங்கிள், இது இத்தனை நாள் எங்கே போயிருந்துச்சு" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான் வந்தது, 34 வயதில்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் வரைந்த அந்த இயற்கைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் வி எழுத்து மாதிரி நாலு காக்கா. நம்மில் யாரும் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. மலைக்கு ஒரு குறி, மரத்துக்கு ஒரு குறி என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், எழுத்து எழுதுகிற மாதிரி அதை எழுதிவிடுகிறோம். ஸ்கெட்ச் பழகுவது என்றால் முதல் வேலை இந்தக் குறிகளை ஒதுக்கிவைத்துவிட்டு எதிரில் இருப்பதைப் பார்ப்பது. திறமை, பிறவி எல்லாம் அதற்கப்புறம் பேசலாம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு எச்பி, ஒரு 2பி, ஒரு 6பி. நல்ல வெள்ளை ரப்பர் ஒன்று. பிளேடு. ஜெராக்ஸ் கடையில் போடுகிற ஏ4 பேப்பர் ஒரு கட்டு. பரீட்சை அட்டை ஒன்று வீட்டிலேயே கிடக்கும், பேப்பரை அதில் கிளிப் போட்டு மாட்டி, மடியிலும் மேஜை விளிம்பிலுமாகச் சாய்த்து வைத்து வரையுங்கள். தட்டையாக மேஜையில் வைத்து வரைந்தால் பேப்பரின் மேல்பாதி உங்களுக்குச் சுருங்கித் தெரியும், படம் முடிந்து எடுத்து நிறுத்திப் பார்க்கும்போது தலை நீண்டிருக்கும்.

இருபத்து நாலு பென்சில் உள்ள தகர டப்பாவை வாங்காதீர்கள். வாங்கினால் முதல் மாதம் முழுக்க எந்தப் பென்சில் எதற்கு என்பதிலேயே போய்விடும், நான் வாங்கினேன், அதில் பாதி இன்னும் சீவப்படவே இல்லை. எச் என்றால் கெட்டி, பி என்றால் கருப்பு, எண் ஏற ஏற அந்தக் குணம் கூடும். உள்ளே இருப்பது ஈயம் இல்லை, லெட் என்று நாம் சொன்னாலும் அது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது, களிமண் கூடினால் கெட்டி, குறைந்தால் கருப்பு. இந்தக் கலவை முறைக்கு 1795-இல் காப்புரிமை வாங்கியவர் நிக்கோலா ஜாக் கான்டே என்ற பிரெஞ்சுக்காரர். போர் நடந்ததால் இங்கிலாந்திலிருந்து சுத்தமான கிராஃபைட் வரவில்லை, இருப்பதை வைத்து ஒப்பேற்றப் போய்த்தான் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் அத்தனை கிரேடும் வந்தன.

பேப்பர் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. விலை கூடின டிராயிங் நோட்டு எடுத்தால் கை பயப்படும், ஒரு பக்கம் கெட்டாலும் மனசு கேட்காது. ஜெராக்ஸ் பேப்பரில் ஒரு நாளைக்கு ஐந்து தாள் வீணாக்குங்கள். ஷேடிங்குக்கு, அதாவது நிழல் போடுவதற்கு வரும்போது 120 ஜிஎஸ்எம்-க்கு (தாளின் கனத்தைச் சொல்லும் கணக்கு) மேல், கொஞ்சம் சொரசொரப்பான தாள் வாங்கினால் போதும்.

என் கோடுகள் முடி முடியாக வருகின்றன. ஒரே கோடாக எப்படி இழுப்பது?

எழுதுகிற மாதிரி பென்சிலின் நுனிக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டைப் பேப்பரில் ஊன்றி, விரலை மட்டும் ஆட்டினால் இரண்டு அங்குலத்துக்குமேல் கை போகாது. மீதியை ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதுதான் அந்த முடி. பென்சிலின் பின்பக்கமாக, நுனியிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, பென்சில் பேப்பரில் கிட்டத்தட்ட படுத்திருக்கிற மாதிரி பிடிப்பது இன்னும் நல்லது. முழங்கையும் தோளும் அசையட்டும். முதல் வாரம் கோணல் மாணலாக வரும், பரவாயில்லை.

பயிற்சி எளிது. பேப்பரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். பேப்பரைத் தொடாமல், ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் காற்றிலேயே இரண்டு மூன்று தடவை கையை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் நிறுத்தாமல் அப்படியே இறக்கி ஒரே இழுப்பு. இழுக்கும்போது கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். தப்பாகப் போனால் அதைத் திருத்தாமல் பக்கத்தில் இன்னொன்று. தினம் ஒரு தாள். நேர்க்கோடு ஒரு வாரம், வளைவு ஒரு வாரம், நீள்வட்டம் மட்டும் சாகும்வரை. நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் மீனுக்கு வால் இருக்கிற மாதிரி கூர்மையாக வரும் ஆரம்பத்தில், அது தப்பு, எவ்வளவு ஒல்லியான நீள்வட்டமானாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும்.

கம்பிக்கோலம் போடுகிற அம்மாக்கள் யாராவது வீட்டில் இருந்தால் காலையில் எழுந்து ஒருநாள் பாருங்கள். குனிந்து நின்று, கை தரையில் ஊன்றாமல், தோளிலிருந்து வருகிற அசைவு அது. மாவு விழுந்துகொண்டே இருக்கும், நின்றால் அந்த இடத்தில் குவிந்துவிடும், அதனால் கை நிற்பதே இல்லை. அடுத்த புள்ளியைச் சுற்றுவதற்கு முன்பே கண் அங்கே போய்விட்டிருக்கும். பத்து வருஷம் கோலம் போட்ட பெண்களிடம் "உங்களுக்கு நல்லா வரும்" என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் என் மாடியில் முதல் நாளிலேயே சுத்தமான கோடு இழுத்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று, நல்ல கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். எங்கே கோடு தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டிருக்கிறார் என்று விரலால் தொடர்ந்து பார்த்தாலே பாதிப் பாடம்.

அளவு சரியாக வரமாட்டேன் என்கிறது. தலை பெரிசாகிறது, கால் பேப்பரை விட்டே வெளியே போகிறது.

எல்லாருக்கும் போகும். பிடித்த இடத்திலிருந்து ஆரம்பித்து விவரமாக வரைந்துகொண்டே போவதால் வருவது இது. முதலில் மேல் எல்லை எங்கே, கீழ் எல்லை எங்கே என்று பேப்பரில் இரண்டு சின்னக் கோடு போட்டுவிட்டு, இதற்குள்தான் எல்லாம் என்று முடிவு செய்யுங்கள்.

அப்புறம் அளப்பது. சினிமாவில் ஓவியர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நீட்டுவாரே, அது ஸ்டைலுக்காக இல்லை. கையை முழுசாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியைப் பொருளின் உச்சிக்கு நேராக வைத்து, கட்டைவிரல் நகத்தை அதன் அடிக்கு நேராக இறக்குங்கள். அந்த நீளம்தான் உங்கள் அளவுகோல். டம்ளரின் அகலம் இவ்வளவு, உயரத்தில் அது எத்தனை தடவை போகிறது? ஒன்றரையா, ஒன்றேகாலா? பேப்பரில் எந்த அளவில் வரைந்தாலும் இந்த விகிதம் மட்டும் மாறக் கூடாது. முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும், நான் ஒரு மாதம் அரைகுறையாக மடக்கி அளந்துவிட்டு இந்த முறையே வேலைக்காகாது என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

சாய்வுகளுக்கும் அதே பென்சில். கூரையின் சாய்வுக்கு மேலாகப் பென்சிலைப் பிடித்து, அதே சாய்வில் அப்படியே பேப்பருக்குக் கொண்டுவாருங்கள், அல்லது கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணியா, இரண்டரையா என்று.

நாற்காலி மாதிரி சிக்கலான பொருள் வந்தால் இன்னொரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி எல்லார் வீட்டிலும் உண்டு, அதை வரையாதீர்கள், அதன் கால்களுக்கு நடுவே தெரிகிற சுவரை வரையுங்கள். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கும் ஓட்டை என்ன வடிவம்? முதுகுப் பக்கத்துச் சந்துகள்? நாற்காலிக்கு மனசில் ஒரு குறி இருக்கிறது, ஓட்டைக்குக் குறி கிடையாது, அதனால் கண்ணைத்தான் கேட்க வேண்டியிருக்கும். எல்லா ஓட்டைகளையும் வரைந்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் நடுவில் நாற்காலி நின்றுகொண்டிருக்கும். இந்தத் தந்திரத்தில் கிடைக்கிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை, சின்னப் பிள்ளைகள் இதை மந்திரம் என்றே நினைக்கிறார்கள்.

போட்டோமேல் கட்டம் போட்டு வரைகிறார்களே, அது தப்பா?

தப்பில்லை, ஆனால் அது வேறு வேலை. சினிமா பேனரையும் கட்அவுட்டையும் கையால் வரைந்த காலத்தில் சின்ன போட்டோவை நாற்பது அடிக்குப் பெரிதாக்கக் கட்டம்தான் வழி, அந்த ஓவியர்கள் கட்டம் இல்லாமலும் வரையத் தெரிந்தவர்கள். ஒன்றுமே தெரியாமல் கட்டத்திலேயே ஆரம்பித்தால் ஒவ்வொரு சதுரத்தையும் நகலெடுக்க மட்டும் கை பழகும், கட்டத்தை எடுத்துவிட்டால் மறுபடியும் முதல் நாள் மாதிரி நிற்க வேண்டியதுதான். பிறந்த நாளுக்கு அப்பா படம் வரைந்து கொடுக்க வேண்டும், நாளைக்கே வேண்டும் என்றால் கட்டம் போடுங்கள். பழகுவதற்கு வேண்டாம்.

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். டச்சு ஓவியர் வான்கா 1882-இல் ஹேக் நகரத்தில் இருந்தபோது நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு, அதன் வழியாகக் காட்சியைப் பார்த்து வரைந்தார். ஆனால் அந்தச் சட்டம் போட்டோமேல் இல்லை, வெளியில் கம்பு நட்டு எதிரில் இருக்கும் நிஜக் கூரைகளையும் வாய்க்காலையும் பார்ப்பதற்கு. ஜன்னல் கம்பிகள் வழியாகத் தெருவைப் பார்த்து வரைவதும் அதே மாதிரிதான், அது நல்ல பயிற்சி.

பர்ஸ்பெக்டிவ் என்றாலே தலை சுற்றுகிறது. இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

முடியும். தூரத்தில் இருப்பது தூரத்தில் இருக்கிற மாதிரியே தெரிய வரைவதுதான் பர்ஸ்பெக்டிவ். உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் குறுக்கே ஒரு கோடு, அது கண்மட்டம். உங்களை விட்டு விலகிப் போகிற கோடுகளில் கண்மட்டத்துக்கு மேலே இருப்பவை இறங்கியும் கீழே இருப்பவை ஏறியும் போய் அந்தக் கோட்டில் சேரும். அவ்வளவுதான், மீதியெல்லாம் இதன் விரிவு.

விரிவும் கொஞ்சம் வேண்டும் என்றால் ரயில்வே பிளாட்பாரத்துக்குப் போங்கள். ஒரு முனையில் நின்று நீளவாக்கில் பாருங்கள். தண்டவாளம் மேலே ஏறிப் போகும், கூரை கீழே இறங்கி வரும், இரண்டும் தூரத்தில் ஒரே இடத்தில் போய் ஒட்டும், அதுதான் மறைபுள்ளி. இப்போது ஆட்களைப் பாருங்கள். உங்கள் உயரமே உள்ளவர்களுடைய கண்கள், பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும், அதே கண்மட்டக் கோட்டில்தான் இருக்கும். தூரம் போகப் போக அவர்களுடைய கால்தான் மேலே ஏறுமே தவிர தலை இறங்காது. கூட்டம் வரையும்போது பின்னால் இருப்பவர்களை மேலே மேலே அடுக்கி, கொலு மாதிரி ஆக்கிவிடுகிற தப்பு இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போய்விடும். அப்படியே பெஞ்சில் உட்காருங்கள், கண்மட்டம் உங்களோடு இறங்கும், இப்போது நிற்பவர்களின் வயிறோ நெஞ்சோ அந்தக் கோட்டில் வரும்.

தெருமுனை வீடு மாதிரி மூலை உங்களைப் பார்த்து நின்றால் இரண்டு மறைபுள்ளி, இடப்பக்கச் சுவருக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் கண்மட்டத்திலேதான். பேப்பருக்குள்ளேயே இரண்டையும் வைத்து நெருக்கினால் வீடு கப்பல் மூக்கு மாதிரி முன்னால் துருத்தும், ஒன்றையாவது பேப்பருக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

இதைக் கணக்காக முதலில் செய்து காட்டியவர் இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் புருனலெஸ்கி, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1435-இல் ஆல்பெர்ட்டி என்ற இத்தாலிய அறிஞர் அதை விதியாக எழுதி வைத்தார். அதற்கு முன்னாலும் வேறு ஊர்களிலும் பெரிய ஓவியர்கள் இது இல்லாமலே வரைந்திருக்கிறார்கள், தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியத்தில் மறைபுள்ளி தேடிக்கொண்டு போகாதீர்கள், அதன் இலக்கணம் வேறு.

ஷேடிங் எப்போது ஆரம்பிக்கலாம்?

இதுதான் எல்லாருக்கும் அவசரமாக வேண்டும். வடிவம் தப்பான படத்துக்கு எவ்வளவு ஷேடிங் போட்டாலும் அது நன்றாக ஷேடிங் போட்ட தப்பான படம், அதனால் இரண்டு மாதமாவது பொறுங்கள் என்பேன், யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

பொறுத்தவர்களுக்கு: ஒரு முட்டை. எவர்சில்வர் டம்ளரை இதற்கு எடுக்காதீர்கள், அதில் ஜன்னலும் உங்கள் மூஞ்சியும் டியூப்லைட்டும் எல்லாம் தெரியும், பிரதிபலிப்பு எது நிழல் எது என்றே புரியாது. வெள்ளை முட்டையை வெள்ளைத் தாளில் வைத்து, அறையில் எல்லா விளக்கையும் அணைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு. மொபைல் டார்ச்சைப் புத்தகத்தில் சாய்த்து வைத்தால் போதும்.

இப்போது கண்ணைப் பாதி மூடி, இமை வழியாகப் பாருங்கள். விவரங்கள் எல்லாம் கலங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் தனித்தனியாக நிற்கும். வெளிச்சம் நேராகப் படுகிற இடம் பேப்பரின் வெள்ளையாகவே விடலாம். அங்கிருந்து வளைவு திரும்பத் திரும்ப மெல்லக் கருக்கிறது. முட்டைமேலேயே ரொம்பக் கருப்பான பட்டை எங்கே? ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஓரத்தில் மறுபடியும் லேசாக வெளுத்திருக்கும், கீழே இருக்கிற வெள்ளைத் தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அங்கே அடிக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் ஓரத்தை வைத்துத்தான் இருட்டடிப்பார்கள், அதனால் முட்டை தட்டையான வில்லை மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்தத் திரும்பி வந்த வெளிச்சத்தைக் கண்டுபிடித்த குஷியில் அதை ரப்பரால் பளிச்சென்று ஆக்கிவிடவும் கூடாது. நிழல் பக்கத்தில் இருக்கிற எதுவும் வெளிச்சப் பக்கத்தில் இருக்கிற எதையும்விட வெளுப்பாக இருக்கக் கூடாது, இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக மேஜையில் விழுந்த நிழல், முட்டை தொடுகிற இடத்தில் அதுதான் படத்திலேயே கருப்பு, தள்ளிப் போகப் போக ஓரம் மங்கும்.

விரலால் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை பேப்பரில் ஏறினால் அந்த இடம் திட்டுத்திட்டாகிவிடும், அதைவிட முக்கியம், தேய்க்க ஆரம்பித்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக வழவழவென்று வந்து, நன்றாக வரைந்துவிட்டோம் என்று ஒரு பொய்யான திருப்தி வரும். ஆறு மாதம் கோடுகளாலேயே நிழல் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாய்வில் கோடு, இன்னும் கருக்க வேண்டுமென்றால் அதன்மேல் வேறு சாய்வில் இன்னொரு அடுக்கு. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பாருங்கள், கோயிலுக்கே போய் உட்கார்ந்து வரைந்தவர், கல்லின் வளைவு முழுக்கக் கோடுகள்தான் சொல்கின்றன.

வலக்கைக்காரர்கள் இடது மேல் மூலையிலிருந்தும் இடக்கைக்காரர்கள் வலது மேல் மூலையிலிருந்தும் நிழல் போட ஆரம்பியுங்கள், கைக்குக் கீழே ஒரு துண்டுப் பேப்பர் வையுங்கள். இல்லையென்றால் படத்தைவிட உங்கள் சுண்டுவிரல் பக்கம்தான் நன்றாக ஷேடிங் ஆகியிருக்கும்.

முகம் வரைய எது முக்கியம்?

கண் எங்கே இருக்கிறது என்பது. உச்சந்தலையிலிருந்து தாடை வரைக்கும் பாதி தூரத்தில்தான் கண் இருக்கிறது, ஸ்கேலை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்களே அளந்து பாருங்கள், முதல் தடவை யாரும் நம்புவதில்லை. நெற்றியையும் முடியையும் நாம் கண்டுகொள்வதே இல்லை, கண் மூக்கு வாய்தான் முகம் என்று மனசு நினைப்பதால் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம், மண்டை பாதியாகிவிடுகிறது.

முழு உடம்புக்கு, வளர்ந்தவர்களுக்கு ஏழு முதல் ஏழரைத் தலை உயரம் வரும், பிறந்த குழந்தைக்கு நாலு தலைதான். நம் சிற்ப நூல்களில் இதைத் தாளம் என்ற கணக்கில் சொல்வார்கள், ஒரு தாளம் 12 அங்குலம், ஒன்பது தாளமான நவதாளத்தில் உருவம் 108 அங்குலம், பத்துத் தாளத்தில் பெரிய வகையான உத்தம தசதாளத்தில் கொஞ்சம் கூட்டி 124. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், தாளம் என்பது முடி தொடங்குகிற இடத்திலிருந்து தாடை வரைக்குமான முக நீளம், முழுத் தலை இல்லை. அங்கே அங்குலம் என்பதும் ஸ்கேலில் இருக்கிற இன்ச் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய ஒரு பங்கு.

போட்டோ பார்த்து வரைவதென்றால் செல்ஃபியை எடுக்காதீர்கள். கேமரா ஒரு கை தூரத்தில் இருப்பதால் மூக்கு பெருத்து காது பின்னால் ஓடிவிடும், அதை அப்படியே வரைந்துவிட்டு "ஜாடை வரலையே" என்பார்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்த படம் வேண்டும், ஒரு பக்கம் வெளிச்சம் இருந்தால் இன்னும் நல்லது. நடிகைகளின் ஒற்றைக் கண்ணை மட்டும் இமை முடியோடு வரைந்துகொண்டே இருக்கிறவர்கள் எனக்கு நாலைந்து பேர் தெரியும், மூன்று வருஷமாக அதே கண்.

அசைந்துகொண்டே இருக்கிறவர்களை எப்படி வரைவது?

டீக்கடையில் மாஸ்டர் ஆற்றுகிறார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நடுவில் டீ. அவர் நமக்காக நிற்கப்போவதில்லை, ஆனால் அதே அசைவு பத்து விநாடிக்கு ஒரு தடவை திரும்பி வரும். முதலில் முகம், சட்டை, பொத்தான் எதுவும் வேண்டாம். தூக்கிய கையிலிருந்து தோள், முதுகு, ஊன்றிய கால் வரைக்கும் போகிற ஒரே வளைவு என்ன? அதைப் போடுங்கள். தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, இடுப்பு எந்தப் பக்கம், இரண்டு கோடு. தலைக்கு ஒரு முட்டை. முப்பது விநாடி, அடுத்த தாள். பத்தில் ஒன்றில் டீ ஆற்றுகிற ஆள் தெரிவார், மற்றது எல்லாம் கொடியில் காய்கிற துணி மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் தூங்குகிறவர்கள், வரிசையில் நிற்கிறவர்கள், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற பாட்டிகள் எல்லாரும் நல்ல மாடல்கள். யாராவது பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் "என்னை இவ்ளோ குண்டாவா போடுவீங்க" என்பதோடு முடிந்துவிடும். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் உரிமை.

40 தாண்டிவிட்டது. இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது?

மேலே சொன்ன வான்கா ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-இல், 27 வயதில். அதற்கப்புறம் சார்ல் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சிப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்து வரைந்து பழகினார். 27 ஒன்றும் 40 இல்லை என்பீர்கள், சரி, நீங்கள் வான்காவாகவும் போகவில்லை. ஓய்வான ஒரு சாயங்காலத்தில் எதிர்வீட்டு முருங்கைமரத்தைப் பார்த்து, அது முருங்கைமரம்தான் என்று தெரிகிற மாதிரி வரைய வேண்டும், அவ்வளவுதானே? தினம் இருபது நிமிஷம் வைத்தால் ஒரு வருஷத்தில் அது வரும். வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் என்பதைவிட இது மேல், கை மறக்காது. ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள்.

டேப்லட்டில் நேராக ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் அதில் ஒரு கோட்டைப் பத்துத் தடவை அழித்து அழித்துப் போடுகிற பழக்கம் வந்துவிடும். பேப்பரில் முதல் ஆறு மாதம்.

பையனை டிராயிங் கிளாஸில் சேர்க்கிறேன். எதைப் பார்த்துச் சேர்ப்பது?

அங்கே போய் பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள். இருபது நோட்டிலும் அதே மலை, அதே சூரியன், அதே குடிசை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். என் பையன் ஒரு இடத்தில் எட்டு மாதம் போனான், வீட்டுக்குக் கொண்டுவந்த படங்கள் எல்லாம் அழகாக இருந்தன, பிறகுதான் தெரிந்தது அவுட்லைன் முழுக்க சார் போட்டுக் கொடுப்பது, இவன் கலர் மட்டும் அடிப்பது. மேஜையில் ஒரு குடமோ செருப்போ வைத்து "இதைப் பார்த்து வரை" என்று சொல்கிற இடம் நல்ல இடம்.

படிப்பாகவே எடுக்க விரும்பினால் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, சென்னை எழும்பூர் கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது, கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் சும்மா ஒருநாள் எழும்பூர் வளாகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பாதி வரைந்ததும் ஏதோ தப்பு என்று தெரிகிறது, எது என்றுதான் தெரியவில்லை.

படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அல்லது மொபைலில் போட்டோ எடுத்து இடம் வலம் மாற்றிப் பாருங்கள், அரைமணி நேரமாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோணல் முகத்தில் அடிக்கிற மாதிரி தெரியும். ஆறடி தள்ளிச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்ப்பதும் உதவும். தெரிந்ததும் உடனே ரப்பரை எடுக்காதீர்கள், சரியான கோட்டை முதலில் போடுங்கள், தப்பானதை அப்புறம் அழிக்கலாம். முதலிலேயே அழித்துவிட்டால் எதைவிட இடப்பக்கம் தள்ள வேண்டும் என்பதற்கு அடையாளம் இருக்காது, கை மறுபடியும் அதே இடத்தில்தான் போய்ப் போடும்.

வரைந்ததை எப்படிப் பத்திரமாக வைப்பது?

6பி அதிகம் இருக்கிற படம் தொட்டாலே கலையும். படம் கலையாமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே ஆர்ட் கடையில் கிடைக்கும், மாடியில் நின்று ஒரு கை தூரத்திலிருந்து லேசாக இரண்டு தடவை, பக்கத்தில் துணி காயப்போடாத நேரமாகப் பார்த்து அடியுங்கள். ஸ்ப்ரே வேண்டாம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, ஃபைலில் போட்டு, பீரோவில் படுக்கை வசமாக வையுங்கள். நியூஸ் பேப்பரை நடுவில் வைக்காதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும், எனக்கு ஒரு பாட்டி படத்தின் நெற்றியில் பாதி ராசிபலன் இருக்கிறது.